துவக்கும் பாதுகாப்பும்: அமெரிக்காவும் நமது மலையகமும்

கடந்த சில ஆண்டுகளாக நமது இளைஞர்களிடமிருந்து ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் அக்குறணையிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்த பிறகு அது தொடங்கியது. 2019 ஏப்ரலுக்குப் பின் இன்னும் கூடியது. "அமெரிக்காவில ஒவ்வொரு வீட்டிலயும் துவக்கு வெச்சிருக்காங்க நானா. சட்டம் அனுமதிக்குது. எங்களுக்கும் அப்பிடி ஒண்டு இருந்திருந்தா எவன் வாசல்ல வந்து நிப்பான்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் ரவுடிகள் அல்லர். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கடை வைத்திருப்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் தகப்பன்மார். பயம்தான் அவர்களை இப்படிக் கேட்க வைக்கிறது. எனவே "அஸ்தஃபிருல்லாஹ், அப்படிப் பேசாதே" என்று வாயை அடைப்பது பதிலாகாது. அமெரிக்காவில் உண்மையில் என்ன நடக்கிறது, நம் மலைநாட்டில் துவக்கு யாருடைய கையில் இருந்து வந்திருக்கிறது, அது சிறுபான்மையினரைக் காக்குமா என்ற மூன்று விடயங்களையும் ஒழுங்காகப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

அமெரிக்கச் சட்டமும் அமெரிக்கக் கணக்கும்

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791 இல் நிறைவேறியது. அன்று அந்நாட்டில் பெரிய நிலையான இராணுவம் கிடையாது. ஊர்மக்களே சேர்ந்து அமைத்த படைகளை நம்பியே மாநிலங்கள் இருந்தன. அந்தப் படைகளையும் மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் அத்திருத்தம் பேசுகிறது. அந்த உரிமை படைக்கானதா, தனிமனிதனுக்கானதா என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது. 2008 இல் வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடை தொடர்பான ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் துவக்கு வைத்திருப்பது தனிமனித உரிமையே என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2022 இல் நியூயோர்க் மாநிலம் தொடர்பான புரூயன் வழக்கில் அந்த உரிமை வீட்டுக்கு வெளியிலும் உண்டு என்று ஆனது.

கணக்கு என்ன சொல்கிறது? ஜெனீவாவிலிருந்து இயங்கும் சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39 கோடி 30 இலட்சம் துவக்குகள் இருக்கின்றன. நூறு பேருக்கு நூற்றிருபது. ஆளைவிடத் துவக்கு அதிகம். இலங்கையில் பொதுமக்களிடம் இருப்பது நூறு பேருக்கு மூன்றுக்கும் குறைவு என்று அதே மதிப்பீடு சொல்கிறது.

இத்தனை துவக்கு இருக்கும் நாட்டில் மக்கள் பத்திரமாக இருக்கிறார்களா? 2021 ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் துவக்குச் சூட்டில் 48,830 பேர் இறந்தார்கள் என்பது அந்நாட்டு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எண்ணிக்கை. இதில் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது, அந்த மரணங்கள் எப்படி நடந்தன என்பதை. ஏறத்தாழ 21,000 பேர் கொலை செய்யப்பட்டவர்கள். 26,000 க்கும் அதிகமானோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். தொலைக்காட்சியில் வரும் பள்ளிக்கூடச் சூடுகளும் கடைத்தெருச் சூடுகளும் மொத்தத்தில் ஒரு சிறு பகுதியே. வீட்டைக் காக்க வாங்கி அலுமாரியில் வைத்த துவக்கு, அதிகமான தடவைகளில் அந்த வீட்டு ஆளையே கொன்றிருக்கிறது. மனம் உடைந்த மகன், கடன்பட்ட தகப்பன், கணவனோடு சண்டையிட்ட மனைவி என்று அந்தப் பட்டியல் போகிறது.

இதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. நமது தோட்ட லயங்களும் மரக்கறித் தோட்டங்களும் இதே பாடத்தை வேறொரு பொருளால் படித்தவை.

கைக்கெட்டும் பொருள்

1995 இல் இலங்கையின் தற்கொலை விகிதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. பெரும்பாலோர் குடித்தது பூச்சிமருந்து, புல்லுமருந்து. மலையகத்தில் அந்தப் போத்தல் எங்கே இருந்தது என்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். லயத்துக் காம்பராவின் மூலையில், கட்டிலுக்குக் கீழே, மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில். கோபத்தில் கை போன இடத்தில் அது இருந்தது. குடித்தவர்களில் பலர் சாக வேண்டும் என்று நாள்கணக்கில் திட்டமிட்டவர்கள் அல்லர். ஒரு மணி நேரத்துக்கு முன்பு அவர்களுக்கே அந்த எண்ணம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் "என்னைக் காப்பாத்துங்க" என்று கெஞ்சிக்கொண்டே போனவர்கள் எத்தனை பேர்.

அரசு என்ன செய்தது? 1984 இல் பரத்தியோன் வகையைத் தடுத்தது. 1995 இல் மிகக் கடும் நச்சு வகைகளையும் 1998 இல் எண்டோசல்பானையும் தடை செய்தது. 2008 தொடங்கிப் பரகுவாட், டைமெதோவேட், பென்தியோன் ஆகிய மூன்றையும் படிப்படியாக நீக்கியது. மக்களின் வறுமை அதனால் தீரவில்லை. குடும்பச் சண்டை நின்றுவிடவில்லை. ஆனாலும் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் எழுபது சதவீதம் குறைந்தது. 1995 முதல் 2015 வரை தொண்ணூறாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் இத்தடைகளால் காக்கப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதனின் மனம் அப்படியே இருந்தாலும், கைக்கெட்டும் பொருள் மாறும்போது மரணத்தின் தொகை மாறுகிறது.

துவக்கு பூச்சிமருந்தைவிடக் கொடியது. மருந்து குடித்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்கிறது. தன்னைச் சுட்டுக்கொள்பவர்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் இறந்துவிடுகிறார்கள். தௌபா செய்யக்கூட நேரமில்லை. "வீட்டுக்கு ஒரு துவக்கு" என்று கேட்கும் தகப்பன், கலவரக்காரனை மட்டும் நினைத்துக் கேட்கிறான். பரீட்சையில் கோட்டை விட்ட தன் பதினேழு வயது மகனும் அதே வீட்டில்தான் இருக்கிறான்.

மலைநாட்டில் துவக்கு யார் கையில் இருந்தது?

நம் மலைகளில் துவக்கின் சரித்திரம் வேட்டையோடு தொடங்குகிறது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் அப்புத்தளைப் பக்கத்தில் இடி விழுந்து அவர் இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கல்லறையின் மேலும் இடி விழுந்தது என்று ஊரார் இன்றும் பேசிக்கொள்வார்கள். 1840களின் கடைசியில் நுவரெலியாவுக்கு வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டையையே வாழ்க்கையாகக் கொண்டு, அதைப் பற்றிப் புத்தகங்களும் எழுதினார். யானையைக் கொன்றால் அரசே பணம் கொடுத்த காலம் அது. காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டார்கள். மிஞ்சியதைத் துவக்கு முடித்தது. இன்று நுவரெலியாவில் காட்டு யானை ஒன்றுகூட இல்லை.

பிறகு துவக்கு துரைமாரின் அடையாளம் ஆனது. 1900 இல் இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை என்று ஒரு தொண்டர் படையே அமைந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். தென்னாபிரிக்கப் போருக்கும் முதல் உலகப் போருக்கும் போனவர்கள் அவர்கள். 1949 இல்தான் அப்படை கலைக்கப்பட்டது. தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்களின் கையில் அக்காலத்தில் இருந்தது கூடையும் கவ்வாத்துக் கத்தியும் மட்டும். தவளம் ஓட்டியும் கடை வைத்தும் பிழைத்த நம் முன்னோர் கையில் இருந்தது தராசு.

துவக்கு ஒரு பக்கத்திலும் வெறுங்கை மறுபக்கத்திலும் நின்ற இரண்டு நாட்களை மலையகம் மறக்காது. 1940 ஜனவரி 10 ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். கூலி கேட்டவர் அவர். அதை விசாரிக்க ஆணைக்குழு அமைந்தது. அரசாங்க சபையையே உலுக்கிய விடயமாக அது மாறியது. 1977 மே 11 ஆம் திகதி, தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது நடந்த சூட்டில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். இரண்டு பேரும் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர். அதனால்தான் அவர்களுடைய மரணம் ஒரு சமூகத்தின் வழக்காக மாறி நின்றது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு வேட்டு கிளம்பியிருந்தால், அன்றைய அறிக்கைகள் "ஆயுதக் கும்பல்" என்று எழுதி முடித்திருக்கும். சிந்திய இரத்தத்துக்கு நியாயம் கேட்கும் வாயும் அடைபட்டிருக்கும்.

நமது சட்டமும் அதன் ஓட்டையும்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. 1915 இல் கண்டியிலும் கம்பளையிலும் தொடங்கி முஸ்லிம்களுக்கு எதிராகப் பரவிய கலவரத்துக்கும், அதையொட்டி வந்த இராணுவச் சட்டத்துக்கும் அடுத்த ஆண்டில், அதாவது 1916 இல், 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றும் அடிப்படைச் சட்டம் அதுவே. அனுமதிப்பத்திரம் ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரில், ஒரு குறிப்பிட்ட தேவைக்குத் தரப்படும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1996 இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. டி-56 போன்ற தானியங்கித் துவக்கை அனுமதியின்றி வைத்திருந்தவர்களுக்கு நீதிமன்றங்கள் ஆயுள் தண்டனை விதித்திருக்கின்றன. தற்காப்புக்கென்று வழங்கப்பட்ட துவக்குகளைக்கூட 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு மீள ஒப்படைக்கச் சொல்லி மீளாய்வு செய்தது.

சட்டம் இறுக்கமாக இருந்தும் துவக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போர் விட்டுச்சென்ற ஆயுதங்கள் பாதாள உலகத்துக்குப் போயின. 2025 பெப்ரவரியில் கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் கூண்டில் நின்ற சந்தேகநபரைச் சுட்டுக் கொன்றான். சட்டப் புத்தகம் ஒன்றின் தாள்களை வெட்டி அதற்குள் ஒளித்துத்தான் அந்தக் கைத்துவக்கு உள்ளே போனது.

மலைநாட்டில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது வேறு வகை: கட்டுத்துப்பாக்கி. இரும்புக் குழாயில் வெடிமருந்தையும் ஈயத்துண்டுகளையும் திணித்து, காட்டுப்பன்றி வரும் தடத்தில் கட்டி வைத்து, குறுக்கே ஒரு கம்பியை இழுத்து விடுவார்கள். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். அது பன்றிக்காலா, விறகு பொறுக்கப் போன பெண்ணின் காலா என்று குழாய்க்குத் தெரியாது. இரவில் சுருக்குக்கம்பி கட்டுகிறவர்களின் கதையும் இதுவே. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபானத் தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இப்படியொரு சுருக்கில் மாட்டிப் பின்னர் இறந்துபோனது. பன்றிக்குக் கட்டியது அது. மரக்கறித் தோட்டம் செய்யும் நம் ஆட்களில் சிலரும் "பயிரைக் காக்கத்தானே" என்று இதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். பயிரைக் காப்பது நியாயமான தேவை. அதற்கு மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. ஆளில்லாமல் இரவெல்லாம் காத்துக்கிடக்கும் துவக்குக்கு எந்த நியாயமும் இல்லை.

சிறுபான்மையினரைத் துவக்கு காக்குமா?

இனி இளைஞர்களின் கேள்விக்கே வருகிறேன். அமெரிக்காவின் உரிமை அங்குள்ள சிறுபான்மையினருக்கு என்ன செய்தது?

மல்கம் எக்ஸ், நம்மில் பலரும் அன்போடு நினைக்கும் அல்-ஹாஜ் மாலிக் அல்-ஷபாஸ், அரசு காக்காத இடத்தில் கறுப்பின மக்கள் சட்டப்படி துவக்கு வைத்துத் தம்மைக் காத்துக்கொள்ள உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே பேசினார். கையில் துவக்கோடு ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கும் அவருடைய படம் உலகப் புகழ் பெற்றது. 1965 பெப்ரவரி 21 அன்று நியூயோர்க்கில், மனைவி மக்கள் பார்த்திருக்க, மேடையிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. அவர் வாதத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் துவக்கு மலிந்த சமூகத்தில், கொல்ல முடிவெடுத்தவன்தான் முதலில் சுடுகிறான்.

1967 இல் கலிபோர்னியாவில் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் சட்டப்படி துவக்கேந்தித் தெருவில் நடந்தார்கள். உடனே அம்மாநிலம் குண்டு நிரப்பிய துவக்கைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடை செய்தது. கையொப்பமிட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2016 இல் மினசோட்டாவில் பிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பின இளைஞரின் காரைப் பொலிஸ் மறித்தது. அவரிடம் அனுமதி பெற்ற துவக்கு இருந்தது. இருப்பதை அவரே மரியாதையாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட அதிகாரி பின்னர் குற்றவாளி அல்லர் என விடுவிக்கப்பட்டார். பெரும்பான்மையானவன் கையில் "உரிமை"யாகத் தெரியும் அதே பொருள், சிறுபான்மையானவன் கையில் "அச்சுறுத்தல்" ஆகிவிடுகிறது.

இதை நம்மூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2019 இல் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் தேடுதல் நடந்த நாட்களில் சமையலறைக் கத்தியை எங்கே வைப்பது என்று உம்மாமார் தவித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு வீட்டில், சட்டபூர்வமான அனுமதியோடாவது, ஒரு துவக்கு இருந்திருந்தால் அந்த ஊரின் கதி என்ன? திகனையில் ஒரு கடைக்கூரையிலிருந்து ஒரு வேட்டு பாய்ந்து, கூட்டத்தில் ஒருவன் விழுந்திருந்தால், எரிந்தது கடைகளோடு நின்றிருக்குமா?

"அப்ப நியூசிலாந்தில நடந்ததுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 மார்ச் 15, ஜும்ஆ நேரத்தில், கிரைஸ்ட்சர்ச்சின் இரண்டு பள்ளிகளில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டார்கள். பயிற்சி பெற்ற ஒரு காவலாளி வாசலில் துவக்கோடு நின்றிருந்தால் மௌத்துகள் குறைந்திருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொலைகாரன் அந்தத் துவக்குகளை எப்படிப் பெற்றான் என்பதையும் கேட்க வேண்டும். அனுமதிப்பத்திரம் காட்டிச் சட்டப்படி வாங்கினான். அந்நாட்டு அரசு அதைத்தான் முதலில் பார்த்தது. ஒரு மாதம் ஆகுமுன்பே, ஏப்ரல் 10 ஆம் திகதி, இராணுவ வகை அரைத் தானியங்கித் துவக்குகளைத் தடை செய்யும் சட்டம் ஒரே ஒரு எதிர்ப்பு வாக்கோடு நிறைவேறியது. அதற்கு முன் 1996 இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்நாடும் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான துவக்குகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. எல்லோரையும் ஆயுதபாணி ஆக்காமலே மக்களைக் காக்க இரண்டு அரசுகளும் வழி தேடின.

மார்க்கம் காட்டும் ஒழுங்கு

உயிரையும் உடைமையையும் காக்கப் போராடுவதை இஸ்லாம் தடுக்கவில்லை. தன் பொருளைக் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத் என்று ஹதீஸ் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. ஆனால் ஆயுதம் பற்றிய நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் அறிவுரைகளையும் அதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்ட வேண்டாம், ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என்று எச்சரித்தார்கள். பள்ளியிலோ சந்தையிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உறையில்லாத வாளைக் கைமாற்றுவதையும் தடுத்தார்கள். இவற்றில் எதுவும் எதிரியைப் பற்றியது அல்ல. கெட்ட எண்ணம் இல்லாதவனின் கை தவறுவதைப் பற்றியது. அமெரிக்க அலுமாரிகளிலும் நம் பன்றித் தடங்களிலும் நடப்பது அதுதான்.

ஆகவே என்ன செய்வது? பயத்துக்கு மருந்து வேண்டும் என்பது உண்மை. நான் சொல்லக்கூடியவை சாதாரணமானவை. ஊரில் யாராவது கட்டுத்துப்பாக்கியோ சுருக்கோ வைத்திருந்தால் ஜமாஅத் அவரிடம் பேச வேண்டும். கேட்காவிட்டால் பொலிஸுக்குச் சொல்வதே அமானத். அனுமதித் துவக்கு உள்ளவர் குண்டை வேறாக, துவக்கை வேறாகப் பூட்டி வைக்கட்டும். வீட்டில் மனம் சோர்ந்த ஒருவர் இருந்தால் அதைக் கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்தே அகற்றட்டும். பள்ளி நிர்வாகங்கள் கேமரா, வாசல் ஒழுங்கு, இரவுக் காவல், சட்டத்தரணி தொடர்பு என்பவற்றைக் கலவரம் வருமுன்பே அமைக்கட்டும். விகாரையின் ஹாமதுருவோடும், கோவில் தர்மகர்த்தாவோடும், தோட்டத்துத் தலைவர்மாரோடும் நோன்புக் கஞ்சிக்கு மட்டும் அல்லாமல் மற்ற நாட்களிலும் பேச்சு இருக்கட்டும். சேதம் வந்தால் படமெடுத்து, திகதி குறித்து, முறைப்பாட்டு இலக்கத்தோடு வைத்துக்கொள்ள இளைஞர்களைப் பழக்க வேண்டும். 2018 இல் எரிந்த கடைகளுக்கு நட்டஈடு கேட்டு அலைந்தவர்களுக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

இவை துவக்கைப் போல உடனே தைரியம் தராது என்பது எனக்குத் தெரியும். காவல் தருவது அரசின் கடமை. அது தவறும்போது உரத்துக் கேட்பது நமது உரிமை. முல்லோயாவிலும் டெவனிலும் வெறுங்கையோடு கேட்டவர்களின் பிள்ளைகள் இன்று பிரஜைகளாக வாக்களிக்கிறார்கள். அந்த வழி நீளமானது, விலையும் அதிகம். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்ல வேண்டியது அந்த வழியைத்தான் என்று நான் நினைக்கிறேன்.